நூறு முறை செத்தவன்

சென்ற ஓராண்டில் நான் நூறு முறைக்கு மேல் செத்திருக்கிறேன். நண்பர்கள் அஞ்ச வேண்டா! செத்ததெல்லாம் விடுதி அறையில், நாற்காலியில் அமர்ந்தபடியேதான். ஒவ்வொரு முறையும் எழுந்து போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்து மீண்டும் பறந்தேன்.

'ரைஸ் ஆஃப் ஃபிளைட்' என்பது 2009-இல் வெளிவந்த கணினி விளையாட்டு. முதல் உலகப் போரில் பறந்த விமானங்கள் அதில் உண்மை விமானம் போலவே பறக்கும். உண்மை விமானம் போலவே விழும். எதிர் அறையில் உள்ள ஆராய்ச்சி மாணவர் ஒருவர், நாங்கள் அண்ணன் என்று அழைப்பவர், இதில் கைதேர்ந்தவர். அவர் எஸ்.இ.5ஏ என்னும் ஆங்கிலேய விமானத்தை எனக்குக் கொடுத்துவிட்டு, மூன்றடுக்கு இறக்கை கொண்ட ஃபாக்கர் என்னும் ஜெர்மானிய விமானத்தைத் தாம் எடுத்துக்கொள்வார். என் விமானம் மணிக்கு ஏறக்குறைய 220 கிலோமீட்டர் போகும், அவருடையது 185-தான். எனினும் மாதக்கணக்கில் விழுந்தவன் நானே.

காரணம் எளிது. அவர் திரும்புவார், நானும் பிடியை முழுவதும் இழுத்து அவர் பின்னாலேயே திரும்புவேன். திரும்புவதில் ஃபாக்கரை என் விமானம் வெல்ல முடியாது. 60 பாகை சாய்ந்து, உயரம் குறையாமல் திரும்பினால், இறக்கைகள் விமானத்தின் எடையைப் போல் இரு மடங்கைத் தாங்க வேண்டும். காற்றின் தடை பெருகும், வேகம் கரையும். இரண்டு சுற்றில் நான் காற்றில் தத்தளிப்பேன். அவர் என் முதுகுக்குப் பின்னால் இருப்பார்.

நானோ இயற்பியல் மாணவன்! ஆற்றல் அழியாது என்பதைத் தேர்வுத் தாளில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! ஒரு நாள் இரவு, தொடர்ந்து ஏழு முறை விழுந்த ஆத்திரத்தில் பிடியை மேசைமேல் எறிந்துவிட்டு வெளியேறினேன். மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நான்காம் நாள் அவரே இரண்டு கோப்பைத் தேநீரோடு என் அறைக்கு வந்தார்.

"தம்பி, நீ என்னோடு போரிடவில்லை; உன் விமானத்தோடு போரிடுகிறாய். உயரம் குதிரில் இருக்கும் நெல்; வேகம் இலையில் இருக்கும் சோறு. நீ இரண்டையும் ஒரே வேளையில் தின்று தீர்க்கிறாய்" என்றார்.

அன்று இரவு தாளை எடுத்துக் கணக்கிட்டேன். 200 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானம் 100 மீட்டர் இறங்கினால், காற்றின் தடையை விட்டுவிட்டுப் பார்க்க, அதன் வேகம் 256 ஆகும். குறி பார்ப்பதையும் கணக்கிட்டேன். 200 மீட்டர் தொலைவில் குறுக்கே போகும் விமானத்தைக் குண்டு சென்று சேரக் கால் வினாடிக்குச் சற்று மேலாகும். அதற்குள் அது 13 மீட்டர் நகர்ந்துவிடும். ஃபாக்கரின் நீளமோ 6 மீட்டருக்கும் குறைவு. ஆகவே பகைவன் இருக்கும் இடத்தில் சுட்டால், அவன் போன பின் வெறும் காற்றைத்தான் சுடுவோம்.

கணக்குத் தெரிந்துவிட்டது. கைக்குத் தெரிய மேலும் இரண்டு மாதம் ஆயிற்று.

கடைசியில் ஒரு நாள், அவர் இடப்புறம் திரும்பினார். பின்தொடர்ந்து இழுக்கக் கை துடித்தது. அடக்கிக்கொண்டு மூக்கை மேலே தூக்கினேன். வேகம் உயரமாயிற்று. தலைகீழாகச் சாய்ந்து பார்த்தேன். கீழே அவர் திரும்பிக்கொண்டே இருந்தார். அந்த வட்டத்திற்குள் இறங்கினேன். உயரம் மீண்டும் வேகமாயிற்று. அவருக்கு முன்னே, இரண்டு விமான நீளம் விட்டுச் சுட்டேன். ஃபாக்கர் புகைந்து வீழ்ந்தது.

எதிர் அறையிலிருந்து சிரிப்பொலி கேட்டது. "இன்றைக்குத்தான் பொறுத்தாய், தம்பி!"

வெற்றிக் களிப்பில் அந்த விமானத்தின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். இந்திரலால் ராய் 1898-இல் நாம் படிக்கும் இதே கொல்கத்தாவில் பிறந்தவர். எஸ்.இ.5ஏ விமானத்தில் பறந்து, 1918 ஜூலையில் இரண்டே வாரத்தில் 10 வெற்றிகள் பெற்றார். அதே மாதம் 22-ஆம் நாள் பிரான்சு நாட்டு வானில் ஃபாக்கர் விமானங்களோடு பொருது மாண்டார். அப்போது அவருக்கு வயது 19. விமானப் போருக்கு விதிகள் வகுத்துத் தந்த ஜெர்மானியர் ஆஸ்வால்டு போல்க்கேயும், 1916 அக்டோபரில், தம் அணியைச் சேர்ந்தவரின் விமானமே தம் இறக்கையில் உரசியதால் வீழ்ந்து இறந்தார்.

எனக்கு வயது 23. பொறுமை என்னும் ஒரே ஒரு பாடத்தைக் கற்க எனக்கு நூறு சாவுகள் வேண்டியிருந்தன. ராய்க்கு வாய்த்தது ஒன்றுதான். அதற்குப் பின் அவருக்குத் தேநீர் இல்லை.

இப்போதும் மாலையில் பறக்கிறேன், இப்போதும் விழுகிறேன். ஆனால் பிடியை எறிவதில்லை. எழுந்து போய் எதிர் அறைக் கதவைத் தட்டி, "அண்ணா, எங்கே தவறினேன்?" என்று கேட்கிறேன். கேட்க உயிரோடிருப்பது எவ்வளவு பெரிய பேறு!