விறகு மிச்சமாவது மேல்மாடியில்

தேயிலைத் தொழிற்சாலையில், எங்கள் பேச்சில் ஸ்டோரில், செலவைக் குறைக்க வேண்டும் என்றால் எல்லோரும் முதலில் எட்டிப் பார்ப்பது அடுப்படியை. விறகு எரிவது அங்கேதானே. டிக்கோயா, ஹட்டன் பக்கத்தில் டீமேக்கராக வேலை பார்த்த நான் முதலில் போவது மேல்மாடிக்கு. கொழுந்து வாடுவது அங்கேதான்.

பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். தூளாகும்போது நிற்க வேண்டியது 3 சதவீதம். இடையில் உள்ள தண்ணீரைக் காற்று கொண்டுபோக வேண்டும். கொழுந்தைப் பரப்பி வாட்டும் தொட்டியான ட்ரஃப்பில் அதைச் செய்வது மலைக்காற்று. விசிறிக்கு மட்டுந்தான் காசு. டிரையரில் அதே வேலைக்கு விறகு வேண்டும். கொழுந்து 55 சதவீத ஈரத்தோடு மாடியிலிருந்து இறங்கினால், ஒரு கிலோ தூளுக்கு டிரையர் விரட்ட வேண்டிய தண்ணீர் ஏறக்குறைய 1.15 கிலோ. 60 சதவீதத்தில் இறங்கினால் 1.4 கிலோவைத் தாண்டிவிடும். நாளைக்கு 1,500 கிலோ தூள் போடும் ஸ்டோரில் அந்த வித்தியாசம் 400 கிலோ. தினமும் இரண்டு பீப்பாய்த் தண்ணீரை வீணாக ஆவியாக்குகிறோம்.

கொழுந்து வாடிவிட்டதா என்பதைக் கை சொல்லும். ஒரு பிடி அள்ளி இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும். விட்டதும் மெல்ல விரிய வேண்டும். காம்பு வளைய வேண்டும், படக்கென்று ஒடியக்கூடாது. பச்சை வாசம் போய்ப் பழவாசம் வந்திருக்கும். ஆனால் ட்ரஃப்பின் ஓரத்தில் ஒரு பிடி, நடுவில் ஒரு பிடி எடுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். கொழுந்தைப் பரப்பும்போது ஓரிடத்தில் மெலிந்துவிட்டால் காற்று முழுக்க அந்த வழியாக ஓடிவிடும். கனமாக விழுந்த இடம் விடியும்வரை ஈரமாகவே கிடக்கும். கொழுந்தை உதறிப் பரப்பும் தொழிலாளியின் கை, எந்த இயந்திரத்தையும்விட அதிக விறகை மிச்சப்படுத்தும். இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

அடுத்தது காற்று. ஈரத் திரி சுற்றிய வெப்பமானி ஒன்று, சுற்றாதது ஒன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் காற்றால் எவ்வளவு ஈரத்தை ஏற்க முடியும் என்று காட்டும். ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட காற்று வீசும்; சூடு கலக்கத் தேவையே இல்லை. ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழையோடு மூடுபனி மாடிக்குள்ளேயே புகுந்துவிடும். அப்போது சூட்டுக்காற்று கலந்துதான் ஆக வேண்டும். ஆனால் வானம் வெளுத்த பிறகும், திறந்த சூட்டுக் கதவு பழக்கத்தில் திறந்தபடியே கிடப்பதைப் பல ஸ்டோர்களில் பார்த்திருக்கிறேன்.

விசிறியும் அப்படித்தான். மேலீரம் போன பிறகு அவ்வளவு காற்று தேவையில்லை. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி இருந்து, வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் விசிறி இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மின்சாரம் கூடிக் குறைவது விசிறியின் இயல்பு.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்றதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. அந்த வருடம் ஓகஸ்டிலும், 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறியது. கைத்தொழில் மின்கட்டணத்தில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை யூனிட் விலை மிக அதிகம். பின்னேரக் கொழுந்து ஸ்டோருக்கு வந்து, எல்லா விசிறிகளும் ஓடுவதும் அந்த நேரத்தில்தான். இத்தனைக்கும் மின்சாரம் எடுக்கும் தண்ணீர் கீழே காசல்ரீ நீர்த்தேக்கத்தில் நிற்கிறது. 1950இல் தொடங்கிய லக்சபான மின்நிலையம் இருப்பதும் இந்த மலைப்பக்கத்தில்தான். ஒரு காலத்தில் பல தோட்டங்கள் தங்கள் ஓடையிலேயே டர்பைன் சுழற்றி மின்சாரம் எடுத்தன. பொது மின்சாரம் வந்ததும் அவற்றில் பலவற்றைத் துருப்பிடிக்க விட்டுவிட்டோம். இப்போது வருத்தமாக இருக்கிறது.

டிரையரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே போகும் காற்று 200 பாகை பரனைட் அளவில், வெளியேறுவது 125, 130க்குள் இருந்தால் போதும். வெளியேறும் சூடு அதற்கு மேல் ஏறினால் விறகு புகைக்கூண்டு வழியாகப் போகிறது என்று அர்த்தம்.

விறகுதான் பெரிய விஷயம். அப்போது வெட்டிய மரத்தின் எடையில் பாதி தண்ணீர். கீழ்நாட்டிலிருந்து றப்பர் விறகு ஏற்றிவரும் லொறிக்கு, அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் கூலி கொடுக்கிறோம். பிளந்து, கூரைக்குக் கீழே காற்றோட்டமாக அடுக்கி, சில மாதம் வைத்தால் ஈரம் 20 சதவீதத்துக்கு இறங்கும். அப்படிக் காய்ந்த கட்டையின் முனை வெடித்திருக்கும். இரண்டு துண்டைத் தட்டினால் 'டங்' என்று கேட்கும். பல ஸ்டோர்களில் விறகு மழையில் கிடக்கிறது. ஈர விறகைத் தள்ளும் அடுப்புக்காரருக்குக் கண்ணெரிச்சலும் புகையும். சூடு ஏறவில்லை என்ற பேச்சும் அவருக்குத்தான்.

ஒரு கிலோ தூளுக்கு எவ்வளவு விறகு, எத்தனை யூனிட், வாடிய கொழுந்தில் எவ்வளவு ஈரம்: இந்த மூன்றையும் தினமும் கரும்பலகையில் எழுதி, மாடியில் நிற்பவரும் அடுப்படியில் நிற்பவரும் பார்க்கும்படி மாட்டுங்கள். ஒப்பீஸ் கோப்புக்குள் கிடக்கும் கணக்கு ஒரு கட்டை விறகையும் மிச்சப்படுத்தாது. தொழிலாளர்கள் நாட்சம்பளத்தைக் கூட்டக் கேட்கும்போதெல்லாம் உற்பத்திச் செலவைக் காட்டும் நிர்வாகங்கள், முதலில் விறகுக் கொட்டகைக்குக் கூரை போடட்டும்.