சித்தப்பாவின் பலராம்

கால்பந்துக்குக் காற்றடிப்பது சித்தப்பாவின் ஏகபோகம். தோலுக்குள் பிளாடரைத் திணித்து, பம்பை மாட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, குழாயை மடித்து நூலால் கட்டி உள்ளே தள்ளுவார். பிறகு தோல்வாரைக் கோத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து முடிச்சுப் போடுவார். அது முடியும்வரை நாங்கள் சுற்றி உட்கார்ந்து பலராம் கதை கேட்டாக வேண்டும். அறுபதுகளின் நடுப்பகுதி, கிழக்குத் தாம்பரம்.

"நம்ம ஆளுடா" என்றுதான் தொடங்குவார். செகந்திராபாத் பக்கம் அம்முகுடாவில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். பயிற்சியாளர் ரஹீம் கண்ணில் பட்டு, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக் அணிக்குப் போனார். ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே 4-2 என்று சாய்த்து இந்தியா நான்காம் இடம் பிடித்த வருஷம் அது.

1960 ரோமில் ஹங்கேரியிடம் 1-2 என்று தோற்றபோது இந்தியாவின் ஒரே கோல் பலராம் அடித்தது. அதைப் பேப்பரில் நாலு வரி படித்தவர்தான் சித்தப்பா. ஆனால் சொல்லும்போது, ரோமில் கோல் போஸ்ட் பக்கத்திலேயே நின்றிருந்தவர் மாதிரி இருக்கும். சொல்லச் சொல்லப் பந்து இன்னும் கொஞ்சம் தூரத்திலிருந்து புறப்படும். 1962 ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2-1 என்று வென்று ஆசியத் தங்கம். அந்த வருஷமே அர்ஜுனா விருது.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நுரையீரல்ல நோய்."

1963இல், இருபத்தேழு வயதுக்குள் ஆட்டமே முடிந்துவிட்டது. வேறு ஊர்ப் பிள்ளைகள் 'ஐயோ பாவம்' என்று எழுந்து போயிருப்பார்கள். எங்களால் முடியவில்லை. டாக்டர் சௌரி முத்து 1928இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனை எங்களுக்கு ஒரு ஸ்டேஷன் தள்ளி. ஸ்டேஷன் பெயரிலேயே சானடோரியம். மின்சார ரயில் அங்கே நின்றால் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். வீட்டிலிருந்து மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியத்தில் படுத்துக்கிடந்தாலும் குணம் ஒன்றுதான் என்று சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையம் 1959லேயே காட்டிவிட்டது. ஊர் நம்பினால்தானே!

நுரையீரலில் நோய் என்றால் இங்கேதானே வர வேண்டும்? பலராம் உள்ளேதான் இருக்கிறார் என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம். பள்ளி விட்டதும் வேலியோரம் நின்று, மரத்தடியில் உலாத்தும் நோயாளிகளின் கால்களைப் பார்ப்போம். கெண்டைக்கால் திரண்டிருந்தால் அவர்தான் என்பான் ஒருவன். கம்பளி போர்த்திய ஒருவர் கல்லைக் காலால் தட்டிவிட்டபோது எங்களுக்கு மூச்சே நின்றது. வாட்ச்மேன் கம்போடு வந்து விரட்டினார். விஷயம் தெரிந்ததும் சித்தப்பா, "அவர் கல்கத்தாவுல இருக்காருடா, மடப்பசங்களா!" என்று தலையில் குட்டினார்.

பலராமுடன் முன்வரிசையில் ஆடிய சுனி கோஸ்வாமிக்கு 1983இலும் பி.கே. பானர்ஜிக்கு 1990இலும் பத்மஸ்ரீ கிடைத்தது. இரண்டாவது செய்தி வந்த அன்று சித்தப்பா பேப்பரை என் பக்கம் தள்ளி, "மூணாவது ஆள் எங்கடா?" என்று, நான்தான் விட்டுவிட்டேன் என்பதுபோலச் சண்டைக்கு வந்தார். 2023 பிப்ரவரியில் பலராம் காலமானார். அதுவரைக்கும் அந்தப் பட்டியலில் அவர் பெயர் ஏறவில்லை.