ஐயர் இல்லாத ஞாயிறு

நாசரேத் பக்கமிருந்து மெய்ஞ்ஞானபுரம் போகிறவர்களுக்கு, ஊர் வருவதற்கு வெகு முன்பே பனைகளுக்கு மேலே கோபுரத்தின் நுனி தெரிந்துவிடும். 192 அடி உயரம். மிஷனரி ஜான் தாமஸ் கட்டிய தூய பவுல் ஆலயம் அது. வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். நான் போக வேண்டியது அங்கிருந்து உள்ளே தள்ளி, செம்மண் தேரியை ஒட்டி இருக்கும் ஒரு சிற்றூருக்கு. அங்கே கோபுரம் இல்லை. ஓடு போட்ட கோயில், ஒரு மணிக்கூண்டு, ஒரு வேப்பமரம். தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த சபை. பதிவேட்டில் எண்பது குடும்பத்துக்கு மேல் இருக்கிறது. பூட்டாத வீடு அதில் பாதி தேறலாம். மற்றவர்கள் சென்னை, கோவை, பெங்களூரு, துபாய். ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்; போடவில்லை.

இப்படிப்பட்ட சபைகளை யார், எப்படி நடத்துகிறார்கள் என்பதைப் பார்க்கத்தான் போனேன். பையன்கள் பிளஸ் டூ முடித்ததும் ஊரைவிட்டுப் போகிறார்கள். இருப்பவர்களின் கையில் போன் இருக்கிறது. போனில் எந்நேரமும் ஒரு பிரசங்கியார் பேசிக்கொண்டிருக்கிறார். பக்கத்து டவுனில் புதிதாக வந்த சுயாதீன சபையில் டிரம்ஸும் கலர் விளக்கும் இருக்கின்றன. இந்த நிலைமையில் தலைமை என்றால் என்ன என்று சொல்லித்தரப் புத்தகங்களும் கருத்தரங்குகளும் நிறைய வந்துவிட்டன. எனக்கு அதை ஓர் ஊரில், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பார்க்க வேண்டியிருந்தது.

போனபோது ஐயர் இல்லை.

நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். இவர் சேகரத்துக்கு இந்த ஊரோடு சேர்த்து ஆறேழு ஊர். மாதத்தில் ஒரு ஞாயிறு இங்கே திருவிருந்து; மற்ற ஞாயிறுகளில் வேறு ஊர். "ஐயா மத்தியானம் கமிட்டிக்கு வருவாங்க. நீங்க ஆராதனைக்கு உக்காருங்க" என்று சபை ஊழியர் உள்ளே அழைத்துப் போனார். பார்க்க வேண்டியதே இதுதான் என்று உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் புரிந்தது.

இரண்டாம் மணி அடித்தபோது பெண்கள் பக்கம் நிறைந்திருந்தது. ஆண்கள் பக்கம் பெஞ்சுகளில் இடம் இருந்தது. பாட்டு எண்களைப் பலகையில் செருகியது ஏழாம் வகுப்புச் சிறுமி. முதல் பாடம் வாசித்தவர் பனைத்தொழிலாளி ஒருவர். எழுத்துக் கூட்டிக்கொண்டு நிதானமாக வாசித்தார், யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. கீபோர்டில் ஒரு கல்லூரிப் பெண். பாமாலைக்கு வாசித்தவள் அதே கையோடு கீர்த்தனைக்கு மாறியபோது, முன்வரிசைக் கிழவிகள் கைத்தாளம் போட்டுக் குரலை உயர்த்தினார்கள். சபை ஊழியரின் பிரசங்கம் சுமார்தான். தாளைப் பார்த்து வாசித்தார். பாதி பேர் அடுத்த வரி என்ன என்று தெரிந்தே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அறிவிப்பு நேரம் வந்ததும் கோயிலே நிமிர்ந்து உட்கார்ந்தது. பல சபைகளில் அறிவிப்பு என்றால் ஒருவர் மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் வாசித்து முடிப்பார். இங்கே ஒவ்வொருவராக எழுந்து, அவரவர் வேலையை அவரவரே சொன்னார்கள். ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா ஒரு சின்ன நோட்டைப் பிரித்து, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் யார் படுத்திருக்கிறார், எந்த நாளில் யார் துணைக்குப் போக வேண்டும் என்று சொன்னார். புதன்கிழமைக்கு ஆள் இல்லை. அவர் நோட்டை மூடாமல் நின்றார். பின்வரிசையில் ஒருவர் கையைத் தூக்கியதும் பெயரை எழுதிக்கொண்டு உட்கார்ந்தார். பிளஸ் டூ மாணவன் ஒருவன், கோயில் பக்கத்து அறையில் ராத்திரிப் படிப்பு இனி பத்து மணி வரை என்று சொன்னான். டியூப்லைட் மாற்ற வேண்டிய அண்ணாச்சியின் பெயரையும் சேர்த்துச் சொன்னான். பொருளாளர் ஒரு பெண்மணி. போன வாரக் காணிக்கை, செலவு, மீதி, மூன்றையும் வாய்விட்டுச் சொன்னார். தேங்காய் ஏலத்தில் வந்த தொகை உட்பட.

ஆராதனை முடிந்ததும் அந்த வாரக் காணிக்கைப் பொருள்களை வேப்பமரத்தடியில் ஏலம் விட்டார்கள். ஒரு கட்டு முருங்கைக்காய், ஒரு சேவல், கருப்பட்டி, ஒரு வாழைத்தார். சந்தையில் வாங்குவதைப் போல மூன்று மடங்குக்கு முருங்கைக்காய் போனது. எடுத்தவர் அதைத் தனியாக இருக்கும் ஒரு பாட்டியின் கையில் கொடுத்துவிட்டு நடந்தார்.

குரு இல்லாமல் சபை நடப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. மிஷனரி சி.டி.இ. ரேனியஸ் 1820-இல் திருநெல்வேலிக்கு வந்த பிறகு ஊர் ஊராகச் சபைகள் பெருகியபோது, ஒவ்வோர் ஊரிலும் குரு இருக்க வழியே இல்லை. உபதேசியார்கள்தான் ஜெபம் நடத்தினார்கள், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள், சண்டையைத் தீர்த்தார்கள். புதிதாகச் சபைக்கு வந்ததால் இருக்கிற இடத்தை இழந்தவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்த 1830-இல் தர்ம சங்கம் என்று ஒன்றையே ஏற்படுத்தினார்கள். பிற்பாடு நிறுவனங்கள் பெருகின. பள்ளி, கல்லூரி, ஆஸ்பத்திரி, அவற்றை நிர்வகிக்கக் கமிட்டிகள், கமிட்டிகளுக்குத் தேர்தல்கள். தலைமை என்றாலே பதவி என்றாகிப் போனது அதற்குப் பிறகுதான் என்பது என் எண்ணம். சேகரக் கமிட்டித் தேர்தலுக்கு வீடு வீடாகப் போகிறவர்கள், நோயாளியைப் பார்க்க அதே வீட்டுக்குப் போவதில்லை என்று எத்தனையோ ஊரில் முதியவர்கள் மனம் நொந்து சொல்லக் கேட்டிருக்கிறேன். சபைகளை வெளியுலகம் மாற்றியதைவிட இது அதிகமாகக் காயப்படுத்தியிருக்கிறது.

மூன்று மணி சுமாருக்கு ஐயர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். வெள்ளை அங்கி பையில் மடித்திருந்தது. கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டே, "சாப்பிட்டீங்களா?" என்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். இந்த ஊருக்கு வந்த முதல் வருஷம் எதையும் மாற்றவில்லை என்று சொன்னார். பதிவேட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போயிருக்கிறார்.

அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொன்னேன். சிவப்புத் துணி ஒட்டிய நீள நோட்டு. பெயர், பிறந்த தேதி, ஞானஸ்நானம், திடப்படுத்தல், சங்கக் காணிக்கை என்று அச்சடித்த கட்டங்கள். வலது ஓரத்தில், அச்சில் இல்லாத ஒரு கட்டத்தைப் பென்சிலால் கோடு போட்டு அவரே சேர்த்திருந்தார். அதில் ஒவ்வொருவருக்கும் இரண்டொரு சொல்: 'வயரிங்', 'பிரசவம் பார்ப்பார்', 'கணக்கு', 'பாட்டு, ஆனா கூச்சம்', 'கோபம் ஜாஸ்தி, பேச்சைக் காப்பாத்துவார்', 'பந்தி சமையல்'. சங்கக் காணிக்கை பாக்கி இருந்தவர்களின் பெயருக்கு நேரிலும் பென்சில் கட்டம் நிறைந்திருந்தது. "பாக்கி கேட்டுத்தான் இதுவரைக்கும் வீட்டுக்குப் போயிருக்கோம். உங்களுக்கு என்ன தெரியும்னு யாரும் கேட்டதில்ல" என்றார். இரண்டாம் வருஷத்திலிருந்து ஒவ்வொரு வேலையாகக் கைமாற்றிக் கொடுத்திருக்கிறார். ஆஸ்பத்திரி நோட்டு நர்ஸ் அம்மாவிடம் போனதும், கணக்கு அந்தப் பெண்மணியிடம் போனதும் அப்படித்தான்.

கீபோர்டு வாசித்த பெண்ணைப் பற்றிக் கேட்டேன். ஒரு வருஷம் அவள் டவுனில் இருக்கும் அந்த சுயாதீன சபைக்குப் போய்க்கொண்டிருந்தாளாம். வீட்டில் பெரிய சண்டை. பிரசங்கத்தில் அந்தச் சபையைத் தாக்கிப் பேசுங்கள் என்று கமிட்டியில் இரண்டு பேர் ஐயரிடம் வந்து நின்றார்கள். அவர் பேசவில்லை, அவள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, "அங்க உனக்கு என்ன வேலை கொடுத்தாங்க?" என்று கேட்டிருக்கிறார். சவுண்டு பார்க்கிறேன், வாரத்தில் ஒருநாள் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றாளாம். "இங்க இருபது வருஷம் இருந்தா, நாங்க ஒரு பாட்டுப் புஸ்தகத்தைக்கூட எடுத்து வைக்கச் சொல்லல." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது. அவள் இப்போது இங்கேயும் வாசிக்கிறாள், புதன்கிழமை மாலையில் அங்கேயும் போகிறாள். அது போதும் என்று விட்டுவிட்டார். இளைஞர்கள் சத்தத்துக்கும் விளக்குக்கும் மயங்கிப் போகிறார்கள் என்று மேடைதோறும் சொல்லப்படுகிறது. அவர்களில் பலர் வேலை கேட்டுப் போயிருக்கிறார்கள் என்பதை நான் அந்தத் திண்ணைக் கதையிலிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

வெளியூர்க்காரர்களின் பணம் தனிச் சிக்கல். அவர்கள் ஊரை மறக்கவில்லை. பிரதிஷ்டைப் பண்டிகைக்கும் அசன விருந்துக்கும் குடும்பத்தோடு வந்து இறங்குகிறார்கள், கேட்பதற்கு முன்பே அனுப்புகிறார்கள். கூடவே யோசனையும் வருகிறது. ஓட்டைப் பிரித்துவிட்டு கான்கிரீட் போடலாம், ஏசி வைக்கலாம், முகப்பை உயர்த்தலாம். உள்ளூரில் இருப்பவர்களுக்கு மழையில் ஒழுகும் இரண்டு இடத்தில் ஓடு மாற்றினால் போதும். வாட்ஸப் குழுவில் இதற்கு நடந்த சண்டை இரண்டு மாதம் ஓடியதாம். ஐயர் குழுவில் ஒன்றும் எழுதவில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியாக போனில் கூப்பிட்டு, பணத்துக்குப் பதில் ஒரு பொறுப்பை ஏற்கக் கேட்டார். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் ஒருவர் சனிக்கிழமை ராத்திரி கோயில் அறையில் படிக்கும் பிள்ளைகளுக்கு வீடியோ வழியாகக் கணக்குப் பாடம் எடுக்கிறார். துபாயில் இருக்கும் ஒருவர், தனியாக இருக்கும் நான்கு முதியவர்களுக்கு வாரம் ஒருமுறை போன் பண்ணி, மருந்து தீர்ந்திருந்தால் நர்ஸ் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். "அவர் போன் பண்ற நாள்ல அந்தப் பாட்டிங்க தலைசீவிட்டு உக்காந்திருக்காங்க" என்று சபை ஊழியர் குறுக்கே சொன்னார். ஓடுதான் மாற்றினார்கள், ஏசிப் பேச்சு தானாக அடங்கிவிட்டது.

எல்லாமே இப்படி முடிந்துவிடவில்லை. போன வருஷம் ஊர்ப் பெண் ஒருத்திக்கும் வேறு சாதியில் பிறந்த ஒரு கிறிஸ்தவப் பையனுக்கும் கல்யாணம் நிச்சயமானது. மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க வேண்டும். வாசிக்கக் கூடாது என்று சிலர் சொன்னார்கள்; வேறு ஊரில் வைத்துக்கொள்ளட்டும் என்று சமரசமாகவும் சொன்னார்கள். ஐயர் முறைப்படி மூன்று வாரமும் தாமே வந்து வாசித்தார். மற்ற ஊர் ஆராதனைகளின் நேரத்தை அதற்காக மாற்றிக்கொண்டார். ஒவ்வொரு வாரமும் வாசித்த கையோடு, எதிர்த்தவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார். இரண்டு குடும்பங்கள் இன்றுவரை கோயிலுக்கு வரவில்லை. "போறேன். காப்பி கொடுக்காங்க. பேச மாட்டேங்காங்க" என்றார். எல்லா வேலையையும் பிறர் கையில் கொடுத்தவர், இதை மட்டும் ஊழியரிடமும் விடவில்லை என்பதைக் கவனித்தேன். சபையில் சாதி உட்கார்ந்திருக்கிறது என்பது தெரிந்த சங்கதி; அதன் முன்னால் நிற்க வேண்டியவர் குருதான். அதில் அவர் நழுவியிருந்தால், பென்சில் கட்டத்தில் எழுதிய எதற்கும் மதிப்பு இருந்திருக்காது.

கமிட்டிக் கூட்டம் வேப்பமரத்தடியிலேயே நடந்தது. பொருளாளர் அம்மா இரும்புப் பெட்டியைத் திறந்து, இந்திய மிஷனரி சங்கத்துக்குச் சேர்ந்த காணிக்கைக் கவர்களைத் தனியாக எண்ணிக் கட்டினார். 1903-இல் திருநெல்வேலியில் அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான வி.எஸ். அசரியா, இதே வட்டாரத்தில் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1912-இல் தோர்ணக்கல்லின் பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். அவரை அனுப்பி ஆதரித்தவை இந்த மாதிரிச் சின்னச் சபைகளும் அவற்றின் கைப்பிடி அரிசியும்தான். அந்த வரலாற்றை அங்கே யாரும் பேசவில்லை. ஒரு கவரில் பத்து ரூபாய் குறைந்ததைப் பற்றித்தான் பேசினார்கள்.

அன்றைக்கு நெடுநேரம் பேசப்பட்டது சபை ஊழியரின் சம்பளம். அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் கல்லூரிக்குப் போகிற வயது. இத்தனை வேலைக்கும் நடுவில் நிற்கிற மனிதருக்குக் கிடைப்பதைக் கேட்டு எனக்கு வேதனையாக இருந்தது. பண்டிகைக்குப் பந்தல் போடும் செலவில் ஒரு பங்கைக் குறைத்து, ஊழியரின் மகள் படிப்புக்கு வைக்கலாம் என்று பனைத்தொழிலாளி முன்மொழிந்தார். பந்தல் இல்லாவிட்டால் வெளியூர்ப் பிள்ளைகள் குறை சொல்லும் என்று ஒருவர் தயங்கினார். பந்தலுக்குப் பதில் வேப்பமர நிழலே போதும், பந்தியை இரண்டாகப் பிரிக்கலாம் என்று பந்திச் சமையல்காரர் சொன்னதும் முடிவாயிற்று. ஐயர் இந்தப் பேச்சில் வாய் திறக்கவில்லை. தீர்மானத்தை எழுதும்போது மட்டும் தேதியைத் திருத்தினார்.

கலைந்து போகும்போது, மாறுதலைப் பற்றிக் கேட்டேன். சில வருஷங்களுக்கு ஒருமுறை குருக்களுக்கு மாறுதல் வரும். இவருக்கு வரும் மே மாதத்தில் வரலாம். அடுத்து வருகிறவர் வேறு மாதிரி இருந்தால்?

"அதை அவங்ககிட்ட கேளுங்க" என்று பொருளாளர் அம்மாவைக் காட்டினார். அவர் ஒரு புது நோட்டில் பென்சில் கட்டத்தைப் பேனாவால் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் முடித்திருந்தார்.

"புது ஐயா வந்து, கணக்கு, சாவி எல்லாம் எங்கிட்டயே இருக்கட்டும்னு சொன்னா என்னம்மா செய்வீங்க?"

"கணக்கைக் காட்டுவோம். இந்த நோட்டைக் கையில கொடுத்து, எங்க வீட்டுக்கெல்லாம் ஒருதரம் வாங்க ஐயான்னு கூப்பிடுவோம். சாவியைப் பத்தி அதுக்கப்புறம் கமிட்டியில பேசிக்கலாம்" என்றவர், நர்ஸ் அம்மாவைக் கூப்பிட்டு புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்குப் பேருந்துச் செலவைக் கொடுத்து கையெழுத்து வாங்கினார்.