முகத்திற்கு ஏது நிறம்?

பூண்டுலோயாவில் தோட்டப் பாடசாலையொன்றுக்குச் சென்றிருந்த நாம், தத்தம் தாயாரை வரையுமாறு பிள்ளைகளைப் பணித்தோம். கொழுந்துக்குப் பச்சை, சேலைக்குச் சிவப்பு எனத் தயங்காது தீட்டிய சிறுமியொருத்தி, முகத்திற்கு மட்டும் வெளிறிய நிறக்குச்சியொன்றை எடுத்தாள். “இதுதான் சேர் தோல் கலர்” என்றாள்.

அப்பெயர் அவள் புனைந்ததன்று. அமெரிக்காவில் பின்னி அன்ட் ஸ்மித் கம்பனி, 1903இல் எட்டு நிறங்கள் கொண்ட கிரயோலாப் பெட்டியை ஐந்து சதத்திற்கு விற்கத் தொடங்கியது. அதற்குப் பெயர் சூட்டியவர், பங்காளரின் மனைவியும் ஆசிரியையுமான அலிஸ் பின்னி. அதே கம்பனி வெளிறிய நிறமொன்றைத் ‘தசை’ எனப் பெயரிட்டு விற்றது. கறுப்பின மக்களின் உரிமைக் குரல் ஓங்கிய 1962இல் அதனைப் ‘பீச்’ என்னும் கனியின் பெயராக மாற்றியது.

இலங்கையில் 1959இல் சிலோன் பென்சில் கம்பனி தோன்றி, ‘அட்லஸ்’ என்னும் அதன் பெயர் வீடுதோறும் பரவிற்று. நிறங்கள் மலைநாட்டையும் எட்டின. ஆயின், அங்கே கைவிடப்பட்ட பெயர் இங்கே பிள்ளைகளின் நாவில் இன்றும் வாழ்கின்றது.

“உன் கையைத் தாளின்மீது வைத்துப் பார், மகள்” என்றோம். சற்று நேரம் பார்த்திருந்தவள், கபில நிறக் குச்சியை எடுத்தாள். படம் முடிந்ததும் பக்கத்துத் தோழி எட்டிப் பார்த்துச் சொன்னாள்: “ஒங்க அம்மா மாதிரியே இருக்குடி!”