நாலாம் நம்பர் கம்பி

"போன் போட்டா எலி செத்துப்போகுதுங்க சார்."

1997இல் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் கணக்குப்பிள்ளை என்னிடம் இப்படித்தான் சொன்னார். எலி என்றது மவுஸை. வேடிக்கைக்குச் சொல்லவில்லை, எரிச்சலில் சொன்னார். ஒரே மாதத்தில் மூன்று மவுஸ் வாங்கியிருந்தார்கள். மூன்றும் மேசை இழுப்பறைக்குள் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடந்தன. எடுத்து வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தேன். மூன்றும் நன்றாகவே ஓடின.

எனக்கு முன்னால் வந்த சர்வீஸ்காரர் மவுஸைக் குறை சொல்லியிருந்தார். அவருக்கும் முன்னால் வந்தவர் மோடத்தை. நான் அவர்களைவிடக் கெட்டிக்காரன் இல்லை. கணக்குப்பிள்ளையின் பேச்சில் ஒரு நேரம் இருந்தது, அதை மட்டும் பிடித்துக்கொண்டேன். 'போன் போட்டா.' ஜெர்மனிக்கு ஃபேக்ஸ் அனுப்ப மோடம் டயல் செய்யத் தொடங்கும் அந்த நொடியில் மவுஸ் நிற்கிறது. ஃபேக்ஸ் போய்ச் சேர்ந்த பிறகும் எழுந்திருப்பதில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் மறுபடி ஓடுகிறது. கெட்டுப்போன சாமான் இப்படி நேரம் பார்த்துப் படுக்காது. தனித்தனியே ஒழுங்காக ஓடுகிற இரண்டு, சேர்ந்தால் மட்டும் முட்டிக்கொண்டால், அவை எதையோ பங்கு போடுகின்றன என்று அர்த்தம்.

கேபினெட்டைத் திறந்தேன். 486 மெஷின், விண்டோஸ் 3.11. மவுஸ் காம் 1 என்ற சீரியல் போர்ட்டில். உள்ளே செருகும் மோடம் கார்டு, காம் 3. வெளியே பெயரைப் பார்த்தால் ஒன்றுக்கும் மூன்றுக்கும் சண்டை வர வழியில்லை. இந்தத் தொழிலில் என்னை அதிகம் ஏமாற்றியது இந்தப் பெயர்கள்தான். காம் 1, காம் 3 என்பவை நமக்காக ஒட்டிய சீட்டு. மெஷினுக்குத் தெரிந்தவை இரண்டே: ஒரு முகவரி, ஒரு கம்பி. முகவரி என்பது ப்ராசசர் அந்த சிப்போடு பேசும் இடம். கம்பி என்பது 'எனக்கு ஏதோ வந்திருக்கிறது, கவனி' என்று சிப் ப்ராசசரைக் கூப்பிடும் வழி. அதற்கு இன்டரப்ட் என்று பெயர். நாங்கள் ஐஆர்க்யூ என்போம். காம் 1இன் முகவரி 3எஃப்8, கம்பி 4. காம் 3இன் முகவரி 3இ8, கம்பி அதே 4.

இது யாரோ ஒருவரின் கவனக்குறைவு என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஐபிஎம் 1981இல் பிசியைக் கொண்டுவந்தபோது அதில் இந்தக் கம்பிகளைக் கவனிக்க இருந்தது ஒரே ஒரு 8259 சிப், எட்டே கம்பிகள். கடிகாரத்துக்கு 0, கீபோர்டுக்கு 1, ஃப்ளாப்பிக்கு 6, பிரிண்டருக்கு 7. சீரியலுக்கு 4, 3 என்று இரண்டு. அதற்குமேல் சீரியல் போர்ட் யாருக்குத் தேவைப்படும் என்று தோன்றியிருக்கும். பிறகு காம் 3, காம் 4 வந்தன. அவற்றுக்கு முகவரி கிடைத்தது, புதுக் கம்பி கிடைக்கவில்லை. ஒற்றைப்படை எண்கள் நாலில் தொங்கின, இரட்டைப்படை எண்கள் மூன்றில். 1984இல் ஏடி மெஷினில் இன்னொரு 8259 சேர்ந்து கம்பிகள் பெருகின. ஆனால் அந்தக் காலத்து மோடம் கார்டுகள் பெரும்பாலும் எட்டு பிட், அடிப்பகுதி குட்டையானது. ஸ்லாட்டின் பின்பாதியில் இருந்த 10, 11, 12 என்ற கம்பிகள் வரை அந்தக் கார்டின் பல் எட்டாது. சாப்பாடு இருந்தும் இலை எட்டாத கதை.

அந்த ஒரு கம்பியில் நடப்பதுதான் எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த விஷயம். 8250 வகை சீரியல் சிப்பில் அவுட் 2 என்றொரு கால் உண்டு. போர்ட்டை யாரும் திறக்காதவரை சிப்புக்கும் கம்பிக்கும் தொடர்பே இல்லை, அவுட் 2 அதை அறுத்து வைத்திருக்கும். அதனால்தான் மோடம் கார்டு பாட்டுக்கு உள்ளே இருக்க, மவுஸ் நாள் முழுக்க ஓடியது. ஃபேக்ஸ் ப்ரோகிராம் போர்ட்டைத் திறந்ததும் அவுட் 2 அந்தத் தொடர்பைச் சேர்த்துவிடுகிறது, மோடத்தின் சிப் நாலாம் கம்பியைக் கையில் எடுக்கிறது. சொல்ல எதுவும் இல்லாத நேரத்தில் சும்மா இருக்காமல் கம்பியைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. மவுஸின் சிப் அதே கம்பியை மேலே தூக்கிக் கூப்பிடப் பார்க்கிறது. ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் கீழிருந்து மேலே எழும் அந்த ஒரு துள்ளலைத்தான் 8259 கவனிக்கும். துள்ளல் எழவில்லை என்றால் மவுஸ் எவ்வளவு அசைந்தாலும் கேட்க ஆளில்லை. தப்பித்தவறி எழுந்தாலும் அழைப்பு மோடத்தின் ட்ரைவரிடம் போகிறது, அது தன் சிப்பைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்பிவிடுகிறது. வேலை முடிந்து போர்ட்டை மூடும் ப்ரோகிராம் போகிற போக்கில் நாலாம் கம்பியையே அணைத்துவிட்டுப் போகும். எலி எழுந்திருக்காததன் காரணம் அது.

இவ்வளவும் தெரிந்தும் அன்று நான் ஒரு தப்புச் செய்தேன். காம் 2 காலியாக இருந்தது. 25 முனை போர்ட், அதற்கான கன்வர்ட்டர் என் பையில் இருந்தது. மவுஸை அங்கே மாற்றினேன். டயல் செய்யச் சொன்னேன். மவுஸ் ஓடியது. கணக்குப்பிள்ளை முதலாளியையே கூப்பிட்டுக் காட்டினார். டீ வந்தது. பாதி டீயில் பக்கத்து அறையிலிருந்து ஒரு பையன் ஓடிவந்தான். "ஏனுங்க, பில் போடற மெஷின்ல ஒண்ணுமே வரமாட்டீங்குது."

இந்தக் கம்ப்யூட்டரில் ஒரு லேன் கார்டும் இருந்தது. இரண்டு மெஷினையும் கறுப்பு கோஆக்ஸ் ஒயர் இணைத்திருந்தது. என்இ2000 வகைக் கார்டு, வைத்த இடம் மூன்றாம் கம்பி. காம் 2இல் எதுவும் மாட்டாதவரை அதற்கு இடைஞ்சல் இல்லை. நான் மாட்டிவிட்டேன். போர்ட் காலியா என்றுதான் பார்த்தேன், கம்பி காலியா என்று பார்க்கவில்லை. சீட்டை நம்பாதே என்று ஊருக்குச் சொல்லும் நானே சீட்டைப் பார்த்து ஏமாந்தேன்.

அன்றிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால் பேப்பரை எடுப்பது என்று ஆயிற்று. 0 முதல் 15 வரை கோடு போட்டு, எந்தக் கம்பியில் யார் என்று எழுதுவேன். டாஸோடு வந்த எம்எஸ்டி ப்ரோகிராம் ஓர் உத்தேசப் பட்டியல் தரும், அதை நம்பி முடிவெடுக்க முடியாது. கார்டை உருவி, ஜம்பர் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் உறுதி. ஜம்பர் என்பது இரண்டு ஊசிகளின் தலையில் மாட்டும் கறுப்புத் தொப்பி, உளுந்து அளவு. கீழே விழுந்தால் கிடைக்காது. நான் கேமரா ஃபிலிம் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தேன்.

அன்று போட்ட பேப்பரில் 5 என்ற வரி வெறுமையாக இருந்தது. அதைத் தருவது இரண்டாவது பிரிண்டர் போர்ட்டுக்கு. அந்த ஆபீசில் ஒரே பிரிண்டர்தான். சவுண்ட் கார்டு இருக்கும் வீடுகளில் ஐந்தை அது பிடித்துக்கொள்ளும், பனியன் கம்பெனியில் பாட்டுக் கேட்க யாருக்கு நேரம்? மவுஸை மீண்டும் காம் 1க்கே கொண்டுவந்தேன். மோடத்தின் ஜம்பரை 4இலிருந்து 5க்கு மாற்றினேன்.

இப்போது மவுஸ் சாகவில்லை. மோடம்தான் ஊமையாகிவிட்டது. டாஸுக்குப் போய், 'போனை எடு' என்ற கட்டளையை எக்கோ மூலம் காம் 3க்கு நேராக அனுப்பினேன். டயல் டோன் கேட்டது. இந்தச் சின்னச் சோதனையின் அருமை என்னவென்றால், டாஸ் இப்படி அனுப்பும்போது கம்பியைப் பயன்படுத்துவதே இல்லை, முகவரியை மட்டும் தட்டுகிறது. டோன் கேட்டால் முகவரி சரி, தப்பு கம்பியில். விண்டோஸ் இன்னும் காம் 3 என்றால் 4 என்றே நினைத்துக்கொண்டிருந்தது. அந்தக் காலத்து விண்டோஸ் கார்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாது, நாம்தான் சொல்ல வேண்டும். கன்ட்ரோல் பேனலில் போர்ட்ஸுக்குள் போய், அட்வான்ஸ்டு என்ற பட்டனுக்கு அடியில் 5 என்று மாற்றினேன். டயல் சத்தம், பிறகு அந்தக் கிறீச்சல், பிறகு ஃபேக்ஸ். மவுஸ் ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்து அறையிலும் பில் ஓடியது. ஆறிய டீயைக் குடித்து முடித்தேன்.

பெயர் பொய் சொல்வது இன்னொரு விதத்திலும் உண்டு. டீபக் ப்ரோகிராமைத் திறந்து 40:0 என்ற இடத்தைப் பார்த்தால், பயாஸ் கண்டுபிடித்த சீரியல் முகவரிகள் வரிசையாக இருக்கும். காம் 2ஐ அணைத்துவிட்டு 3இ8இல் மோடம் வைத்தால் பயாஸ் இடைவெளி விடாது, கிடைத்ததை இரண்டாவது இடத்தில் எழுதிவிடும். டாஸுக்கு அது காம் 2. கார்டின் மேல் காம் 3 என்று அச்சடித்திருக்கும். இதனால் ஒரு முழு சாயங்காலத்தைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும், அதில் நானும் ஒருவன். காம் 4 பக்கம் நான் போனதே இல்லை. அதன் முகவரியான 2இ8ஐ ஐபிஎம்மின் 8514 வழிவந்த டிஸ்ப்ளே கார்டுகள் பலவும் எடுத்துக்கொள்ளும். எங்களுக்குள் அதை ராசியில்லாத நம்பர் என்போம்.

1995இல் வந்த விண்டோஸ் 95 மஞ்சள் ஆச்சரியக்குறி போட்டு மோதலைக் காட்டத் தொடங்கியது. மவுஸ் பிஎஸ்/2 போர்ட்டுக்குப் போய் 12ஆம் கம்பியில் தனிக்குடித்தனம் நடத்தியது. பிசிஐ ஸ்லாட்டில் ஒரே கம்பியைப் பலர் பகிர்ந்துகொள்ளலாம் என்று ஆனது. ஜம்பர் டப்பாவை மேலே தூக்கி வைத்தேன். சீரியல் போர்ட்டே இனி இல்லை என்றார்கள்.

எடைமேடைக்காரர்கள் அப்படிச் சொல்லவில்லை. கல்குவாரி, நெல் மண்டி, பழைய இரும்புக் கடை, எங்கே லாரியை நிறுத்தி எடை போட்டாலும், எடையைக் காட்டும் அந்தப் பெட்டியின் பின்னால் இன்றும் ஒன்பது முனை சீரியல் போர்ட் இருக்கும். கம்ப்யூட்டரில் அது இல்லை, அதனால் நடுவில் யுஎஸ்பி கன்வர்ட்டர் ஒன்று.

கரூர்ப் பக்கம் ஒரு குவாரியில் எடைச்சீட்டு போடும் பெண் போன் செய்தார். மவுஸ் தானாக ஓடுகிறது, திறந்த பில் மூடிக்கொள்கிறது, யாரோ உள்ளே புகுந்து ஆட்டுகிறார்கள். ஒருவர் வைரஸ் என்று சொல்லி மெஷினையே ஃபார்மட் செய்துவிட்டுப் போயிருந்தார். இரண்டு நாள் நன்றாக இருந்ததாம், பிறகு மறுபடியும்.

"எப்பம்மா ஆரம்பிக்குது?"

"கரண்ட் போயிட்டு வந்தா சார். எப்பவும் இல்ல."

எனக்குத் திருப்பூர் ஞாபகம் வந்தது. கரண்ட் திரும்பும்போது எடைப்பெட்டி உடனே விழித்து, நொடிக்குப் பல தடவை எடையை அனுப்பத் தொடங்கிவிடும். கம்ப்யூட்டர் மெதுவாக எழுந்து கண்ணைத் திறக்கும்போது ஒரு போர்ட்டிலிருந்து எண்கள் கொட்டிக்கொண்டிருக்கின்றன. பழைய சீரியல் மவுஸ்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, போர்ட்டிலிருந்து மின்சாரம் கிடைத்ததும் தன்னை அறிவிக்க ஓர் எழுத்தை அனுப்பும். விண்டோஸ் அந்த அறிவிப்புக்காக இன்னும் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. எடைப்பெட்டியின் எண் ஓட்டத்தில் எதையோ கேட்டுவிட்டு, வந்திருப்பது மவுஸ் என்று முடிவு கட்டிவிடுகிறது. டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். மவுஸ் பட்டியலில் இரண்டாவதாக, மைக்ரோசாஃப்ட் சீரியல் பால்பாயின்ட். அந்த ஆபீசில் அப்படி ஒரு சாமானே கிடையாது. லாரியின் எடைதான் திரையில் அம்புக்குறியாக ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு காலத்தில் எலி சாகாமல் காப்பாற்றுவது என் வேலையாக இருந்தது. இங்கே எலி என்று பெயர் வாங்கிய ஒன்றைக் கொல்ல வேண்டியிருந்தது. அந்த பால்பாயின்டை வலது க்ளிக்கில் முடக்கினேன். கன்வர்ட்டரின் போர்ட் செட்டிங்கில், அட்வான்ஸ்டு என்ற அதே பெயருள்ள பட்டனுக்குள், சீரியல் எனுமரேட்டர் என்ற இடத்தில் இருந்த டிக்கை எடுத்தேன். எடைப்பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே மெஷினை மூன்று முறை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். அம்புக்குறி நகரவில்லை.

இன்னொரு குடைச்சல் பாக்கி இருந்தது. எடைச்சீட்டு சாஃப்ட்வேர் பழசு, காம் 1 முதல் 4 வரைதான் அதற்குத் தெரியும். கன்வர்ட்டரோ காம் 8 என்று நின்றது. தனக்கென்று சீரியல் எண் இல்லாத மலிவுக் கன்வர்ட்டரை விண்டோஸ் செருகிய ஓட்டையை வைத்துத்தான் அடையாளம் காணும். ஓட்டை மாறினால் அதற்குப் புது ஆள், புது நம்பர். பழைய நம்பரையும் திருப்பித் தராது. மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டு என்றதும் வெளிறிய ஐகான்களாக ஒரு பெரிய குடும்பமே வந்தது, இந்த ஒரே கன்வர்ட்டரின் ஆவிகள். ஒவ்வொன்றாக நீக்கினேன். காம் 3 உபயோகத்தில் இருப்பதாக விண்டோஸ் அடம்பிடித்தது. அந்த நம்பர் உண்மையில் யாரிடமும் இல்லை என்று பட்டியலைப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் அதையே கொடுத்தேன். பார்க்காமல் கொடுத்தால் பழைய சண்டை புது வேஷத்தில் வரும்.

கன்வர்ட்டர் இருந்த ஓட்டைக்கு மேல் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்தேன், அந்தப் பெண்தான் கொடுத்தார். கீழே ஸ்டிக்கரில் 'இதை மாற்றாதீர்கள்' என்று எழுதினேன்.

ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். பொட்டு இருந்தது, ஸ்டிக்கரும் இருந்தது. அந்த ஓட்டையில் யாரோ லாரி டிரைவரின் செல்போன் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது. கன்வர்ட்டர் பின்பக்கம் போயிருந்தது. "காம் அஞ்சுன்னு காட்டுதுங்க சார்," என்றார் அந்தப் பெண், "நீங்க வந்தா கேக்கலாம்னு இருந்தேன்."