அம்மா சொன்ன பிஸ்கெட்

விருத்தாசலத்தில் பீங்கான் வேலை தெரியாத தெரு குறைவு. என் அம்மாவும் ஒரு செராமிக் யூனிட்டில்தான் வேலை பார்த்தார். சாயங்காலம் வந்ததும், "இன்னிக்கு பிஸ்கெட்டு நிறைய உடைஞ்சு போச்சு" என்பார்.

மூன்றாம் வகுப்பில் நான் பெருமையாகச் சொல்லிவிட்டேன், அம்மா பிஸ்கெட் கம்பெனியில் வேலை செய்கிறார் என்று. பையன்கள் விடுவார்களா? எனக்காக அம்மா ஒன்றை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தார். பளபளப்பே இல்லாத குட்டிக் கிண்ணம். "நக்கிப் பாருடா" என்றார். நாக்கு பச்சென்று ஒட்டிக்கொண்டது. அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அச்சில் வார்த்து, காயவைத்து, சூளையில் முதல் தடவை சுட்டெடுத்த சரக்குக்குத்தான் அந்தப் பெயர். உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகள். ஈரத்தை உறிஞ்சும், அதனால்தான் நாக்கு ஒட்டுகிறது. கிளேஸ் கரைசலில் முக்கினால் அதையும் அப்படியே உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். மறுபடி சூளைக்குப் போனால்தான் பளபளப்பு.

கல்லூரியில் சேர்ந்த புதிதில், வீட்டுக்கு வந்த நண்பர்கள் எதிரே அம்மா அதே வார்த்தையைச் சொன்னார். "இங்கிலீஷ் தெரியாம உளறாதம்மா" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் "மொத சூளை சரக்கு" என்றே சொல்ல ஆரம்பித்தார். நானும் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

போன மாதம் மகளின் வீட்டுப்பாடத்துக்காக ஆங்கில அகராதியைப் புரட்டினேன். பிஸ்கெட்: முதல் அர்த்தம், தின்பண்டம். அதற்குக் கீழேயே, ஒருமுறை சுட்டு இன்னும் கிளேஸ் போடாத மண்பாண்டம்! லத்தீனில் 'பிஸ்' என்றால் இரண்டு முறை, 'காக்டஸ்' என்றால் வெந்தது. அந்தக் காலத்தில் கப்பல் பயணத்தில் கெடாமலிருக்க ரொட்டியை ஈரம் போகச் சுட்டு எடுத்துப்போவார்கள். பெயர் அந்த வழியில் வந்தது. வேடிக்கை என்னவென்றால், கடையில் வாங்கும் பிஸ்கெட் பெரும்பாலும் ஒரே தடவை வேகிறது. டீக்கடை ரஸ்க்தான் நிஜமாகவே இரண்டு முறை வெந்தது.

அம்மாவிடம் அகராதியைக் காட்டி, "நீ சொன்னதுதாம்மா சரி" என்றேன். மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வரவில்லை.

"எங்க மேஸ்திரி சொல்லிக் குடுத்ததுடா அது. அவரு தப்பா சொல்லுவாரா?" என்றவர், ரஸ்க்கை டீயில் நனைத்தார். "இந்த பிஸ்கெட்டு நல்லாத்தான் உறிஞ்சுது" என்றார்.