மஞ்சள் பொடியன்

துவக்கைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் பயந்துவிடாதீர்கள். இது எங்கட துவக்குகளைப் பற்றிய கதை இல்லை.

முன்பு என்னோடு வேலைசெய்த வெள்ளைக்காரர் ஒருவர் ஓய்வுபெற்று ஒன்ராரியோவில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறார். போன மாரியில் தொலைபேசி எடுத்தார். தன் பாட்டனாரின் பழைய துவக்கு ஒன்றை விற்க வேண்டும், அதில் செதுக்கல் வேலை இருக்கிறது, உன் தகப்பன் பொன் வேலை செய்தவர்தானே, வந்து பார் என்றார்.

"இஞ்சாருங்கோ, துவக்குக்குப் பயந்து ஓடிவந்த மனிசன் இப்ப துவக்குப் பார்க்கப் போறாராம்" என்றாள் மனைவி. அப்பாவின் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனேன்.

வின்செஸ்டர் 1866. விசைக்குக் கீழே இருக்கும் வளையத்தைத் தள்ளி இழுத்தால் அடுத்த ரவை குழலுக்குள் ஏறும். அதன் உடற்பகுதி வெண்கல வகை உலோகம், பார்வைக்குப் பித்தளை மாதிரி. அதனால் வந்த செல்லப்பெயர் 'யெல்லோ போய்'. எங்கட பாசையில் மஞ்சள் பொடியன். 1898க்கு முன் செய்தது, விளிம்பில் அடிபடும் பழைய ரவைக்கானது என்பதால் கனடாச் சட்டத்தில் இது தொல்பொருள். உரிமம் தேவையில்லை. (நடுவில் அடிபடும் ரவை போடும் 1873 மாதிரிக்கு இந்தச் சலுகை கிடையாது. சட்டத்தின் விளையாட்டு!)

இரண்டு பக்கமும் கொடியும் இலையும். வலப்பக்கம் ஒரு மான். தொழிற்சாலையே செதுக்கிப் பாட்டனாருக்குப் பரிசாகக் கொடுத்தது என்பது குடும்பக் கதை. அது உண்மையானால் விலை பத்து மடங்குக்கு மேலும் போகலாம். மனைவியைப் பராமரிப்பு இல்லத்தில் விட்டிருந்தார். காசு தேவைப்பட்டது.

இந்த உலகத்தில் கதைக்குக் காசில்லை, கடதாசிக்குத்தான் காசு. ஜெரோனிமோவைத் துரத்திப்போன லோட்டன் என்ற அதிகாரிக்குப் பரிசாகக் கிடைத்த வின்செஸ்டர் 1886, தொடரிலக்கம் 1, ஏலத்தில் 2016இல் 12 லட்சத்து 65 ஆயிரம் டொலருக்குப் போனது. அதன் வரலாற்றுக்கு அத்தாட்சி இருந்தது. வயோமிங்கில் கோடி என்ற ஊரில் உள்ள அருங்காட்சியகத்தில் வின்செஸ்டரின் பழைய பேரேடுகள் இருக்கின்றன. இலக்கத்தைக் கொடுத்தால் என்ன வேலைப்பாட்டோடு போனது என்று கடிதம் தருவார்கள். ஆனால் 1866 மாதிரிக்கு ஏறத்தாழ 1,25,000க்குப் பிந்திய இலக்கங்களுக்கே பதிவு மிஞ்சியிருக்கிறது. கிழவரின் துவக்கு அதற்கு முந்தியது. கடதாசி கிடைக்காது.

கடதாசி இல்லாமல் கதை மட்டும் சொல்வது எப்படி என்று எனக்குத் தெரியும். என் அகதி விசாரணையில் பிறப்புச் சான்றிதழ் வீட்டோடு எரிந்துவிட்டது என்று சொன்னபோது, எதிரே இருந்தவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. இப்போது கண்ணாடி என் கையில்.

"பூவைப் பாராதை, உளி போன அடியைப் பார்" என்பார் அப்பா. முதலில் அடிப்பக்கத்தில் பெயர் தேடினேன். வின்செஸ்டருக்குச் செதுக்கிய உல்ரிக் சகோதரர்கள் சில துவக்குகளில் அங்கே பெயர் பொறித்திருக்கிறார்கள். இதில் இல்லை. அது மட்டும் குற்றமில்லை, எல்லாவற்றிலும் பெயர் போடவில்லை. பிறகு மானின் முதுகுக்குப் பக்கத்தில் ஒரு நசிவு. செதுக்கிய பிறகு அடிபட்டிருந்தால் கோடுகள் நசிந்து மூடியிருக்கும். இங்கே கோடு பள்ளத்துக்குள் இறங்கி, அதே ஆழத்தில், அதே கூரோடு ஏறி வெளியே வருகிறது. முதலில் அடி, பிறகு உளி. மூன்று தரம் பார்த்தேன். வேறு மாதிரித் தெரியாதா என்று ஆசைப்பட்டுத்தான் பார்த்தேன்.

கிழவர் பேசாமல் இருந்தார். மேசையில் பித்தளை மினுக்கும் திரவமும் துணியும். விற்பதற்கு முன் மினுக்க நினைத்தாராம். தயவுசெய்து தொடவேண்டாம் என்றேன். நூற்றைம்பது வருசக் கறுப்பு அது. அதைத் துடைத்தால் சாதாரண மஞ்சள் பொடியனுக்குரிய விலையும் போய்விடும்.

சொன்னேன். தொழிற்சாலை வேலை இல்லை, பிறகு யாரோ செய்தது.

"நல்ல கையா?" என்று கேட்டார்.

பரவாயில்லை, ஆனால் மானுக்குக் கால்கள் கட்டை என்றேன். அவர் எழும்பி உள்ளே போய் ஒரு பழைய புகையிலை டப்பாவைக் கொண்டுவந்தார். பாட்டனார் குளிர்காலத்தில் இருந்து செதுக்கியதாம். மூடியில் அதே கட்டைக்கால் மான்.

கனநேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். இதனால் விலை கூடுமா என்றார். கூடாது என்றேன்.

விற்பதா வேண்டாமா என்று அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை. மினுக்கும் திரவத்தை மட்டும் நான் கையோடு கொண்டுவந்துவிட்டேன்.